மேடையில் எழுந்து நடந்தவர் மறுநாள் என்ன ஆனார்?

"குருடர் பார்க்கிறார்கள், செவிடர் கேட்கிறார்கள், முடவர் நடக்கிறார்கள்." சேலத்தில் ஐந்து ரோட்டிலோ நெத்திமேட்டிலோ கொண்டலாம்பட்டிப் பக்கமோ சுவரைக் கவனித்தால் இந்த வாசகத்தோடு ஏதாவது ஒரு சுகமளிக்கும் கூட்டத்துச் சுவரொட்டி கண்ணில் படும். அதே வாசகம் விடிகாலையில் டி.வி.யிலும் வருகிறது. ஒரு சேனலில் ராசிக்கல், அடுத்ததில் எந்திரத் தகடு, அதற்கடுத்ததில் கைநீட்டி ஜெபிக்கிற கிறிஸ்தவ ஊழியர், அதாவது மதபோதகர். மூன்றுமே பணம் கட்டி வாங்கிய அரை மணி நேரங்கள்.

ஒருவர் எந்தச் சாமியைக் கும்பிடுகிறார், எந்த மதத்துக்குப் போகிறார் என்பதில் எனக்கு ஆட்சேபமே கிடையாது. அது அவர் உரிமை. ஆனால் "நேற்று ராத்திரி ஜெபத்தில் இந்தச் சகோதரியின் சிறுநீரகக் கல் மறைந்தது" என்று ஒருவர் மைக்கில் சொன்னால், அது ஸ்கேன் எடுத்துச் சரிபார்க்கக்கூடிய தகவல். நம்பிக்கை என்ற போர்வையில் அதை ஒளித்துவைக்க யாருக்கும் உரிமை இல்லை. இந்த இரண்டையும் பிரிக்காமல் பேசுவதால்தான் மதமாற்றத்தைப் பற்றிய பேச்சு எப்போதும் சத்தத்தில் முடிகிறது.

1944 ஆகஸ்டில் நீதிக்கட்சி திராவிடர் கழகமாகப் பெயர் மாறியது சேலத்தில்தான். 1971 ஜனவரியில் பெரியார் தலைமையில் மூடநம்பிக்கை ஒழிப்பு மாநாடு நடந்ததும் இங்கேதான். அந்த மரபு நமக்கு நிறையக் கற்றுக்கொடுத்தது. ஆனால் கடவுள் உண்டா இல்லையா என்ற விவாதத்துக்குப் போன உழைப்பில் கால்பங்குகூட "சுகமானார்" என்று சொல்லப்பட்டவரின் வீட்டுக்குப் போய் மருத்துவச் சீட்டைப் பார்ப்பதற்குப் போகவில்லை என்பது என் வருத்தம். ஒரு அற்புதத்தைச் சோதிக்கக் கடவுள் மறுப்பு தேவையில்லை. முன்னும் பின்னுமாக இரண்டு ரிப்போர்ட் போதும்.

மேடையில் நடப்பதைப் படிப்படியாகப் பார்க்கலாம். கூட்டம் ஆறு மணிக்கு என்றால் பிரசங்கியார் எட்டு மணிக்கு முன் வரமாட்டார். அதுவரை பாட்டு. முதலில் வேகமான கைதட்டல் பாட்டு, பிறகு மெதுவாக ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடும் ஆராதனைப் பாட்டு. கீபோர்டில் ஒரு சுரம் அறுபடாமல் அடியில் ஓடிக்கொண்டே இருக்கும். உபவாசக் கூட்டம் என்றால் வந்தவர்கள் காலையிலிருந்து சாப்பிட்டிருக்க மாட்டார்கள். நின்றுகொண்டு, கையைத் தூக்கிக்கொண்டு, சத்தமாகவும் வேகமாகவும் இடைவிடாமல் ஜெபிக்கும்போது மூச்சு அளவுக்கு மீறி வாங்குகிறது. ரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது, காரத்தன்மை ஏறுகிறது, நரம்புகளுக்குத் தேவையான கால்சியத்தின் செயல்படும் பகுதி குறைகிறது. விளைவு: விரல் நுனியிலும் உதட்டைச் சுற்றியும் ஜிவ்வென்ற உணர்வு, தலைச்சுற்றல், சிலருக்கு விரல்கள் மடங்கி இறுகிப்போவது. "கரன்ட் பாய்ந்த மாதிரி இருந்தது" என்று சாட்சி (தனக்கு நடந்த அற்புதத்தை எல்லோர் முன்னும் சொல்வது) சொல்கிறவர் பொய் சொல்லவில்லை. அவர் உடம்பில் அது நடந்தது. காரணம்தான் வேறு. கோட்டை மாரியம்மன் ஆடிப் பண்டிகையில் பம்பை, உடுக்கைச் சத்தத்தில் அருள் வந்து ஆடுகிறவர் உடம்பிலும் பெரும்பாலும் இதேதான் நடக்கிறது.

தொட்டதும் பின்னால் சாய்ந்து விழுவதற்கு மூன்று விஷயம் சேர வேண்டும். முகத்தை மேலே தூக்கிக் கண்ணை மூடி நிற்பது. அப்போது உடம்பின் சமநிலை பின்னோக்கிப் போய்விடுகிறது. நெற்றியில் வைத்த கை லேசாகத் தள்ளுவது. பின்னால் தாங்கிப் பிடிக்க ஆள் நிற்பது தெரிந்திருப்பது. முன்னால் நின்ற பத்துப் பேரும் விழுந்திருந்தால் பதினோராவது ஆள் விழாமல் நிற்பதுதான் கஷ்டம். பிடிப்பதற்கு ஆள் இல்லாத வரிசையில் எத்தனை பேர் விழுகிறார்கள் என்று கவனித்துப் பாருங்கள்.

"ஒரு கால் குட்டை, ஜெபத்தில் வளர்ந்தது" என்பது பழைய வித்தை. ஆளை நாற்காலியில் உட்காரவைத்து இரண்டு காலையும் சேர்த்துப் பிடித்துத் தூக்குவார்கள். ஷூ போட்டிருந்தால் ஒன்றைக் குதிகாலிலிருந்து அரை அங்குலம் வெளியே இழுத்துவைத்தால் அந்தக் கால் நீளமாகத் தெரியும். பிறகு மெதுவாக உள்ளே தள்ளினால் "குட்டையான" கால் எட்டிப் பிடித்துவிடும். வெறுங்காலாக இருந்தால் இரண்டு காலையும் சேர்த்து ஒரு பக்கமாக ஒதுக்கினால் போதும், இடுப்பு சாய்ந்து ஒரு கால் குட்டையாகத் தெரியும். நேராகக் கொண்டுவந்தால் சரியாகிவிடும். மல்லாக்கப் படுக்கவைத்து, இடுப்பெலும்பின் முன்முனையிலிருந்து கணுக்காலின் உள்முனைவரை டேப்பால் அளப்பதுதான் எலும்பு டாக்டர் செய்யும் முறை. எந்த மேடையிலும் அந்த டேப் வெளியே வருவதில்லை.

சக்கர நாற்காலி இன்னும் எளிது. நடந்தே வந்த முதியவரிடம் வாசலில் ஒரு தொண்டர், "கூட்டம் அதிகம்ங்க ஐயா, இதில உக்காருங்க, முன்னாடி கூட்டிட்டுப் போறோம்" என்று மரியாதையாகச் சொல்வார். அவரும் உட்காருவார். இரண்டு மணி நேரம் கழித்து மேடையிலிருந்து "எழுந்து நட" என்று குரல் வந்ததும் எழுந்து நடப்பார். அவர் நடக்க முடியாதவர் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவே இல்லை. பார்த்த கூட்டம்தான் அப்படி முடிவுசெய்தது. 1980களில் அமெரிக்கச் சுகமளிப்போரைப் பின்தொடர்ந்த மந்திரவித்தைக்காரர் ஜேம்ஸ் ராண்டி இதை வெளியே கொண்டுவந்தார். வீட்டிலிருந்தே சொந்தச் சக்கர நாற்காலியில் வந்தவர்கள் எங்கே உட்காரவைக்கப்படுகிறார்கள் என்பதையும் பாருங்கள். பெரும்பாலும் கேமராவுக்கு எட்டாத பின்வரிசையில்.

காது கேளாதவர் என்று அழைத்து வரப்படுகிறவர்களில் பலருக்குக் கொஞ்சம் கேட்கும். மைக் வைத்து ஸ்பீக்கர் வழியாக "அல்லேலூயா சொல்லு" என்றால் திருப்பிச் சொல்வார்கள். பார்வை இல்லாதவர்களில் பலருக்கு நிழலும் விரல் அசைவும் தெரியும். "இது எத்தனை விரல்?" என்று பளிச்சென்ற மேடை வெளிச்சத்தில் கேட்டால் சரியாகச் சொல்லிவிடுவார்கள். கூட்டத்துக்கு முன்பு அவருக்கு எவ்வளவு தெரிந்தது என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

வலி மட்டும் உண்மையாகவே குறையலாம். பரபரப்பில் உடம்பே வலியை அடக்கும் பொருள்களைச் சுரக்கிறது. ஆபத்தும் இங்கேதான். அமெரிக்க அறுவைச் சிகிச்சை நிபுணர் வில்லியம் நோலன், கேத்ரின் கூல்மன் என்ற புகழ்பெற்ற ஊழியரின் கூட்டத்தில் சுகமானதாகச் சொன்னவர்களை 1970களில் பின்தொடர்ந்து விசாரித்தார். 23 பேரில் ஒருவருக்குக்கூட உடல்நோய் குணமாகியிருக்கவில்லை. முதுகெலும்பில் புற்றுநோய் பரவியிருந்த ஒரு பெண்மணி, மேடையில் இடுப்புப் பட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடிக்காட்டினார். மறுநாள் அவருடைய முதுகெலும்பு நொறுங்கியது. நான்கு மாதத்தில் இறந்துபோனார். கைதட்டியவர்கள் யாருக்கும் அந்த மறுநாள் தெரியாது.

பெரும்பாலான சாட்சிகளில் ஏமாற்றே இருக்காது என்பதுதான் முக்கியமான விஷயம். தானாகக் குணமாகும் நோய்கள் நாம் நினைப்பதைவிட அதிகம். டி.வி.யில் வருகிற சாட்சிகளைக் கேட்டுக்கொண்டே வந்தால் ஒரே நோய்கள் திரும்பத் திரும்ப வருவது தெரியும். "ஸ்கேனில் கர்ப்பப்பைப் பக்கம் இருந்த கட்டி மறைந்தது": கருமுட்டைப் பையில் மாதவிடாய்ச் சுழற்சியோடு உருவாகிற நீர்க்கட்டிகள் பெரும்பாலும் இரண்டு மூன்று மாதத்தில் தானே சுருங்கிவிடும், அதனால்தான் டாக்டரே "மூணு மாசம் கழிச்சு ஸ்கேன் எடுங்க" என்கிறார். "கல் காணாமல் போனது": 5 மில்லிமீட்டருக்குக் குறைந்த கல் பெரும்பாலும் சிறுநீரில் வெளியேறிவிடும். "ஒரு பக்கம் கோணிப்போன வாய் நேரானது": முகநரம்பு வாதத்தில் பத்தில் ஏழு பேருக்கு மருந்தே இல்லாமல் முழுதாகச் சரியாகிறது, சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள். மஞ்சள் காமாலையில் ஏ வகை வைரஸால் வருவது தானே தணிவது. திடீர் முதுகுவலி பெரும்பாலும் ஆறு வாரத்துக்குள் குறைந்துவிடும். "குழந்தை பாக்கியம்": முதல் ஆண்டில் கருத்தரிக்காத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு இரண்டாம் ஆண்டில் கருத்தரிக்கிறது. ஆஸ்துமா, ஒற்றைத் தலைவலி, மூட்டுவாதம், தோல் தடிப்பு எல்லாம் ஏறி இறங்கும் நோய்கள். மனிதர்கள் ஜெபத்துக்குப் போவது நோய் உச்சத்தில் இருக்கும்போது. உச்சத்துக்கு அடுத்தது இறக்கம்தான். வேப்பிலை மந்திரித்தாலும், தாயத்துக் கட்டினாலும், ஜெப எண்ணெய் பூசினாலும் அந்த இறக்கம் வரும்; கடைசியாகச் செய்த வைத்தியத்துக்குப் பேர் கிடைக்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். போஸ் மைதானத்தில் பத்தாயிரம் பேர் கூடினார்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்த வாரம் நூற்றுக்கு ஒருவருக்குத் தானாக நோய் குறைந்தாலே நூறு சாட்சி. அரை மணி நேர நிகழ்ச்சிக்கு ஐந்து சாட்சி போதும். மீதி 9,900 பேரைப் பற்றி யாரும் ஒளிபரப்ப மாட்டார்கள். அவர்களில் இறந்துபோனவர்களால் சாட்சி சொல்லவும் முடியாது. இந்தச் சல்லடையில் எந்த மருந்தையும், எந்தச் சாமியையும், எந்தக் கல்லையும் போட்டாலும் அற்புதம்தான் கிடைக்கும்.

ஜெபத்தை இந்தச் சல்லடை இல்லாமல் சோதித்ததும் உண்டு. இதய பைபாஸ் செய்துகொண்ட 1,802 நோயாளிகளை மூன்று குழுவாகப் பிரித்து ஆறு மருத்துவமனைகளில் நடத்திய ஆய்வு 2006இல் வெளிவந்தது. தங்களுக்காக ஜெபிக்கப்படுகிறதா இல்லையா என்று தெரியாதவர்களில், ஜெபிக்கப்பட்ட குழுவில் 52 சதவீதம் பேருக்குச் சிக்கல்கள் வந்தன. ஜெபிக்கப்படாத குழுவில் 51 சதவீதம். நிச்சயமாக ஜெபிக்கிறோம் என்று சொல்லப்பட்ட மூன்றாவது குழுவில் 59 சதவீதம். ஜெபம் கெடுதல் செய்தது என்று நான் சொல்லவில்லை. குணமாக்குகிறது என்பதற்கு அதில் ஆதாரம் இல்லை என்பதுதான் செய்தி.

அப்படியானால் ஒரு சாட்சியை எப்படிச் சோதிப்பது? கூட்டத்துக்கு முன்னால் நோய் எப்படிக் கண்டுபிடிக்கப்பட்டது என்பதில் தொடங்க வேண்டும். புற்றுநோய் என்றால் பயாப்சி (சதைத் துணுக்கை எடுத்துச் செய்யும் சோதனை) ரிப்போர்ட் இருக்கிறதா, இல்லை "கட்டி மாதிரி இருக்கு, டெஸ்ட் எடுக்கணும்" என்று டாக்டர் சொன்னதே புற்றுநோயாகிவிட்டதா? பாதிச் சாட்சிகள் இந்த முதல் கேள்வியிலேயே நின்றுவிடும். அடுத்து, அதே காலத்தில் வேறு என்ன சிகிச்சை நடந்தது. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஆறு சுற்று கீமோ முடித்தவர் சாட்சி மேடையில் கீமோவைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாமல் போவது உண்டு. மறைக்க வேண்டும் என்றல்ல, கேட்கப்படாததால். பிறகு, குணமான பின் எடுத்த சோதனை முன்பு எடுத்த அதே சோதனைதானா என்று பார்க்க வேண்டும். முன்பு ஸ்கேன், பின்பு "இப்ப வலி இல்லை" என்றால் அது ஒப்பீடே ஆகாது. கடைசியாக ஆறு மாதம் கழித்து அவர் எப்படி இருக்கிறார். "டாக்டர்கள் கைவிட்டுட்டாங்க" என்ற வாசகம் வந்தால் டிஸ்சார்ஜ் சம்மரியைக் கேளுங்கள். அதில் பெரும்பாலும் மேல்சிகிச்சைக்கு அனுப்பியதாகவோ, நோயாளியே விருப்பப்பட்டு வெளியேறியதாகவோ எழுதியிருக்கும்.

பிரான்ஸில் லூர்து மாதா தலத்தில் கத்தோலிக்கச் சபையே இப்படி ஒரு சோதனையை வைத்திருக்கிறது. மருத்துவர் குழு பழைய ஆவணங்களைப் பார்த்து, சிகிச்சையால் குணமாகியிருக்க வாய்ப்பு உண்டா என்று ஆராய்ந்து, பல ஆண்டுகள் காத்திருந்து முடிவு சொல்கிறது. 1858இலிருந்து கோடிக்கணக்கானவர்கள் போய்வந்த இடத்தில் 2018 வரை அற்புதம் என்று சபை ஏற்றது 70. அந்த எழுபதையும் நான் அற்புதமாக ஏற்கவில்லை. ஆனால் ஒரே இரவில் எழுபது சாட்சி காட்டுகிற மேடைக்கும் இதற்கும் உள்ள தூரத்தை நம்பிக்கையாளர்களே யோசிக்க வேண்டும்.

டி.வி.யில் பேர் சொல்லிக் கூப்பிடுகிற விஷயத்துக்கு வருவோம். "செல்வி என்கிற ஒரு சகோதரி, இப்ப இந்த நிகழ்ச்சியைப் பார்த்துக்கிட்டு இருக்கீங்க, முதுகில ஒரு வலி, வீட்டில ஒரு கடன் பிரச்சினை, கர்த்தர் உங்களைப் பார்க்கிறார்." தமிழ்நாட்டில் செல்வி, சாந்தி, லட்சுமி, மேரி எத்தனை ஆயிரம் பேர்! அவர்களில் முதுகுவலியும் கடனும் இல்லாதவர்கள் எத்தனை பேர்! பொருந்தாத செல்வி சேனலை மாற்றிவிடுவார். பொருந்திய செல்வி அழுதுகொண்டே போன் செய்வார். அவருடைய போன் அடுத்த வாரத்துச் சாட்சி.

நேரில் பேரும் ஊரும் நோயும் சரியாகச் சொன்னால்? 1986இல் அமெரிக்காவில் பீட்டர் பாபாஃப் என்ற டி.வி. பிரசங்கியார் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார். கூட்டத்துக்கு முன் எல்லோரிடமும் ஜெபக் குறிப்பு அட்டை எழுதி வாங்குவார்கள். அவருடைய மனைவி வெளியே வண்டியில் உட்கார்ந்து அட்டைகளைப் பார்த்து வாசிக்க, அவர் காதுக்குள் இருந்த சின்ன ரிசீவரில் கேட்கும். ஜேம்ஸ் ராண்டியின் குழு ரேடியோ ஸ்கேனரோடு போய் 39.17 மெகாஹெர்ட்ஸில் அந்தக் குரலைப் பிடித்துப் பதிவுசெய்து, நாடே பார்க்கிற ஜானி கார்சன் நிகழ்ச்சியில் போட்டுக்காட்டியது. குழுவில் ஒருவர் பெண் வேடமிட்டு, கருப்பையில் புற்றுநோய் என்று அட்டையில் எழுதிக் கொடுத்தார். ஆணுக்கு இல்லாத கருப்பையில் இல்லாத நோயை பாபாஃப் "குணமாக்கினார்". 1987இல் அவர் திவாலானதாக அறிவித்தார். சில ஆண்டுகளில் மறுபடியும் டி.வி.க்கு வந்து "அற்புத நீரூற்றுத் தண்ணீர்" பாக்கெட் அனுப்பத் தொடங்கினார், பணமும் வந்தது. ஒரு முறை அம்பலப்படுத்தினால் போதும் என்று நினைக்கிற பகுத்தறிவாளர்கள் இந்தப் பின்பாதியைத்தான் படிக்க வேண்டும். அம்பலமான செய்தியைப் பார்த்தவர்கள் வேறு, தண்ணீருக்கு எழுதிப்போட்டவர்கள் வேறு.

இன்றைக்கு ரேடியோகூட வேண்டாம். ஜெபக் குறிப்பு வாட்ஸ்அப்பில் வருகிறது, பேர், ஊர், பிரச்சினை, போன் நம்பர் எல்லாம் கணினியில் ஏறுகிறது. நம் ஊர் ஊழியர் ஒவ்வொருவரும் இதைச் செய்கிறார் என்று சொல்லவில்லை. சோதிக்கிற வழி மட்டும் இருக்கிறது: குறிப்பில் ஒரு சின்ன விவரத்தை வேண்டுமென்றே மாற்றி எழுதுங்கள். மேடையில் வருவது உங்கள் உண்மையா, நீங்கள் எழுதியதா என்று தெரிந்துவிடும்.

பணம் வருவது பெரிய மனிதர்களிடமிருந்து என்று பலர் நினைக்கிறார்கள். அம்மாப்பேட்டைத் தறிக்காரரும், செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுக்குப் பொடி வைத்து ஊதுகிறவரும், ஏற்காட்டு எஸ்டேட்டில் காபி பறிக்கிறவரும் மாதாமாதம் அனுப்பும் சின்னத் தொகைதான் அடித்தளம். பங்காளர் திட்டம் என்று சேர்த்துக்கொண்டால் பிறந்தநாளுக்கும் திருமண நாளுக்கும் பேர் அச்சிட்ட கடிதம் வரும். "விதை விதையுங்கள், நூறு மடங்கு அறுப்பீர்கள்" என்பதில் உள்ள தந்திரம், அறுவடை வராவிட்டால் பழி விதைத்தவர்மேல் விழுவது: விசுவாசம் போதவில்லை, இன்னும் கொஞ்சம் விதையுங்கள். இதனால்தான் ஏமாந்தவர் புகார் கொடுக்க வருவதில்லை. குற்றவாளி தான்தான் என்று நம்பிவிடுகிறார். 1991இல் ராபர்ட் டில்டன் என்ற அமெரிக்கப் பிரசங்கியாருக்கு வந்த ஜெப விண்ணப்பங்கள், உள்ளே இருந்த பணம் எடுக்கப்பட்ட பிறகு குப்பைத் தொட்டியில் கிடந்ததை ஏ.பி.சி. தொலைக்காட்சி காட்டியது. கண்ணீரோடு எழுதிய கடிதங்கள் அவை.

இனி மதமாற்றம். சேலத்துக்கு லண்டன் மிஷன் என்ற கிறிஸ்தவ மதப்பரப்பு அமைப்பு வந்தது 1827இல். ஏற்காட்டில் சேக்ரட் ஹார்ட் பள்ளி 1894இலும் மான்ட்ஃபோர்ட் பள்ளி 1917இலும் வந்தன. பள்ளி, மருத்துவமனை வழியாக வந்த இந்தப் பழைய சபைகளையும் டி.வி. அற்புதங்களையும் ஒரே மூட்டையில் கட்டுவது அநியாயம். சாதிக் கொடுமையிலிருந்து வெளியேற மதம் மாறியவர்களை நான் குறைசொல்ல மாட்டேன். 1956இல் நாக்பூரில் அம்பேத்கர் புத்த மதம் தழுவியதும், 1981இல் மீனாட்சிபுரத்து மக்கள் இஸ்லாத்துக்குப் போனதும் கண்ணைத் திறந்துகொண்டு எடுத்த முடிவுகள். என் கேள்வி வேறு விதமான மாற்றத்தைப் பற்றியது: வீட்டில் ஒருவர் நோயில் கிடக்கும்போது, "ஞானஸ்நானம் எடுத்தால் பிசாசின் கட்டு அவிழும், நோய் போகும்" என்று சொல்லி நடத்துகிற மாற்றம். சேர்வராயன் மலைக் கிராமங்களில் இதற்கு இடம் இருப்பதற்குக் காரணம் மக்களின் அறியாமை இல்லை, தூரம். பெரிய சிகிச்சை என்றால் 20 கொண்டை ஊசி வளைவு இறங்கிச் சேலம் வர வேண்டும். ஒருநாள் கூலி போகும், கூட ஒரு ஆள் வேண்டும். ராத்திரி வீட்டுக்கே வந்து பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்து அரை மணி நேரம் பேசுகிறவர் அந்த ஊழியர் ஒருவராகவே இருந்தால், அவர் சொல்வதைக் கேட்பது இயல்பு. அதைக் குறைசொல்வதைவிட, கிராம சுகாதாரச் செவிலியரை ஒழுங்காக வரவைப்பது நல்ல பகுத்தறிவு வேலை.

முடிவெடுப்பவருக்கு முழு விவரமும் தெரிந்திருக்க வேண்டும், அதை மேடையில் யாரும் சொல்வதில்லை. 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதித் தகுதி இந்துக்களுக்கும், 1956 முதல் சீக்கியருக்கும், 1990 முதல் பௌத்தருக்கும் மட்டும். கிறிஸ்தவரானால் அது போய்விடும். தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருவார்கள். பழங்குடியினருக்கு இந்த விதி இல்லை, சேர்வராயன் மலையில் வாழும் மலையாளி என்ற பழங்குடி இனத்தவர் மதம் மாறினாலும் சட்டப்படி பழங்குடித் தகுதி மாறாது. இந்துத் திருமணச் சட்டத்தில் மதமாற்றம் விவாகரத்துக்கு ஒரு காரணம். இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 26ஆம் பிரிவு, மாறியவருக்கு அதன்பின் பிறக்கும் பிள்ளைகள் இந்து உறவினர் சொத்தில் வாரிசாக முடியாது என்கிறது. மாறியவரின் சொந்தப் பங்கு போகாது. இந்த இந்துச் சட்டங்கள் பழங்குடியினருக்குத் தாமாகப் பொருந்தாது, அவர்களுக்கு வழக்காறுதான் பேசும்.

எதிர்ப்பக்கம் சொல்வதையும் சோதிக்க வேண்டும். ஊரே மாறிக்கொண்டிருக்கிறது என்கிறார்கள். தமிழ்நாட்டில் கிறிஸ்தவர்கள் 2001 கணக்கெடுப்பில் 6.07 சதவீதம், 2011இல் 6.12. சாதிச் சான்றிதழுக்காகத் தாளில் இந்துவாக இருப்பவர்கள் உண்டு, அதனால் உண்மை எண் கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம். ஆனாலும் மேடையில் முழங்குகிற வெள்ளம் இந்த எண்களில் இல்லை. 2002இல் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்தது, 2004இல் திரும்பப் பெறப்பட்டது. மதத்தைப் பரப்பும் உரிமை இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை ஆகாது என்று 1977இலேயே உச்ச நீதிமன்றம் ஸ்டெயினிஸ்லாஸ் வழக்கில் சொல்லிவிட்டது. மதமாற்றத்தைத் தடைசெய்யத் துடிப்பவர்கள் பொய்யான குணமாக்கலைத் தடைசெய்யக் கேட்பது அபூர்வம். அதைத் தடைசெய்தால் தங்கள் பக்கத்துச் சாமியார்களும், விபூதி வரவழைப்பவர்களும், தோஷம் கழிப்பவர்களும் மாட்டிக்கொள்வார்கள். கோவை போத்தனூரைச் சேர்ந்த பகுத்தறிவாளர் பி. பிரேமானந்த் வாழ்நாள் முழுக்க இந்தப் பக்கத்து வித்தைகளைத்தான் மேடையில் செய்துகாட்டி விளக்கினார். ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் இறந்தது தர்கா அருளை நம்பிக் கொண்டுவிடப்பட்டதால். எந்த மதமும் இதில் விலக்கு இல்லை.

புகார் கொடுக்கச் சட்டம் இருக்கிறது. 1954ஆம் ஆண்டு மருந்துகள் மற்றும் மந்திர வைத்திய விளம்பரத் தடைச் சட்டம், தாயத்து, மந்திரம், கவசம் முதலிய அற்புத சக்தி உள்ளதாகச் சொல்லப்படும் எதையும் புற்றுநோய், சர்க்கரை, வலிப்பு, பக்கவாதம் போன்ற நோய்களைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதைத் தடுக்கிறது. முதல் குற்றத்துக்கு ஆறு மாதம்வரை சிறை. ஜெப எண்ணெயும் ஜெபத் துணியும் இதில் அடங்கும் என்பது என் கருத்து. கேபிள் டி.வி. விதிகள் 1994இன் 6ஆம் விதி மூடநம்பிக்கையை ஊக்குவிக்கும் நிகழ்ச்சியைத் தடுக்கிறது. புகாரை மாவட்ட ஆட்சியருக்கு அனுப்பலாம். சேனல் பேர், தேதி, நேரம், சொன்ன வாசகம் அப்படியே, போனில் எடுத்த பதிவு, எந்த நோய் என்ற விவரம் இவை இல்லாத புகார் நகராது. "மூடநம்பிக்கை பரப்புகிறார்கள்" என்று பொதுவாக எழுதினால் கோப்பில் தூங்கும். "இந்த எண்ணெய் வலிப்பைக் குணமாக்கும் என்று சொன்னார்" என்று எழுதினால் பதில் சொல்லியாக வேண்டும். மகாராஷ்டிரம் 2013இலும் கர்நாடகம் 2017இலும் தனிச் சட்டம் கொண்டுவந்துவிட்டன. நமக்கும் வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விட அவசரமானது, கூட்டத்துக்குப் போய்வந்து மாத்திரையை நிறுத்திவிட்டவர் வீட்டில் இருந்தால் என்ன செய்வது என்பது. அவருடைய விசுவாசத்தோடு சண்டை போடாதீர்கள், அந்தச் சண்டையில் மாத்திரை தோற்றுவிடும். வேலூர் சி.எம்.சி.யை 1900இல் தொடங்கிய ஐடா ஸ்கடர் ஒரு மிஷனரி; அங்கே நோயாளிக்கு ஜெபமும் செய்கிறார்கள், பயாப்சியும் எடுக்கிறார்கள். இதைச் சொன்னால் விசுவாசிகள் கேட்பார்கள். மருந்தை நிறுத்தச் சொல்லாத பாஸ்டர்கள் நிறையப் பேர் உண்டு. அப்படி ஒருவரையே பேசச் சொல்லுங்கள்.

எந்த மருந்து என்பதைப் பொறுத்து அவசரம் மாறும். சிறுவயதிலிருந்தே இன்சுலின் போட்டுக்கொள்ளும் முதல் வகைச் சர்க்கரை நோயாளி நிறுத்தினால் ஓரிரு நாளிலேயே ரத்தத்தில் அமிலம் ஏறும். வாந்தி, வயிற்றுவலி, ஆழமான மூச்சு, மூச்சில் பழவாடை வந்தால் உடனே 108. வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் நிற்காத வலிப்பு வரலாம். அன்றைக்கே டாக்டரிடம் காட்ட வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு மேல் வலிப்பு நீடித்தால் அதுவும் 108. ரத்த அழுத்தத்துக்கு அறிகுறியே இல்லை என்பதால் "சுகமாயிட்டேன்" என்று நம்புவது சுலபம். வீட்டுக்கே ஒரு பி.பி. மிஷின் கொண்டுவந்து அவர் கண்முன்னால் அளந்து காட்டுவது எந்த வாதத்தையும்விட நல்லது. மனநோய் மருந்தை நிறுத்தியவருக்கு 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

காசநோய்தான் மிகவும் ஏமாற்றும். ஆறு மாதச் சிகிச்சையில் முதல் சில வாரங்களிலேயே இருமலும் காய்ச்சலும் குறைந்து எடை ஏறும். அந்த நேரத்தில் ஒரு கூட்டத்துக்குப் போனால் சாட்சி தயார். ஆனால் கிருமி முழுதாகச் சாகவில்லை. நிறுத்தினால் மருந்துக்கு அடங்காத கிருமியாகத் திரும்பி வரலாம், வீட்டில் இருக்கும் குழந்தைகளுக்கும் பரவும். சில நாள் விட்டுப்போயிருந்தால் சுகாதாரப் பணியாளரிடம் சொல்லி உடனே தொடர வேண்டும். ஒரு மாதத்துக்கு மேல் விட்டவர்கள் பழைய அட்டையில் மிச்சம் இருக்கும் மாத்திரையைத் தாங்களாகவே தொடங்கக் கூடாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் மறுபடியும் சளிப் பரிசோதனை செய்து, மருந்துக்குக் கிருமி அடங்குகிறதா என்று பார்த்த பிறகுதான் எந்த மருந்து என்று முடிவாகும். சோதனையும் மருந்தும் இலவசம், சிகிச்சை முடியும்வரை சத்துணவுக்கு மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும். போகும்போது பழைய அட்டை, சிகிச்சைச் சீட்டு, ஆதார், வங்கிப் புத்தகம் நான்கையும் எடுத்துப் போங்கள்.